சிக்ரிட்டின் சாப்பாடு எங்கே போனது

எங்கள் ஹால்பி கிராமத்தில் ஓர் ஆண் மெலிந்தால் அவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அவன் மனைவியைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். என் அத்தான் ஈகோன் இளைக்கத் தொடங்கிய அந்த இலையுதிர்காலத்தில், ஊர் மொத்தமும் என் அக்கா சிக்ரிட்டைப் பார்த்தது.

அக்கா ஏனோதானோ என்று சமைக்கிறவள் இல்லை. கல்யாணமோ, ஞானஸ்நானமோ, சாவோ, சபை மண்டபத்தில் விருந்து என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான் வரும். அவள் வறுத்த பன்றித் தொடையின் மேல்தோலை ஒருவர் கடித்தால் அடுத்த மேசைக்குச் சத்தம் கேட்கும். சர்க்கரைப்பாகில் புரட்டிய அவளுடைய சின்ன உருளைக்கிழங்குகளுக்காக, பக்கத்து ஊர்க்காரர்கள் சொந்தமே இல்லாத சாவுக்குக்கூட வந்து நின்றிருக்கிறார்கள். அத்தான் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர், அகலமான ஆள். வாசலில் நுழையும்போது ஒரு தோளை முன்னால் விட்டுத்தான் நுழைவார். கல்யாணமான நாள் முதல் அவர் உடம்புதான் அக்காவின் சமையலுக்கு விளம்பரப் பலகை.

நான் எதிர்வீடு. பெயர் அல்மா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு பாதிச் சாப்பாடு அக்கா வீட்டு மேசையில்தான். அதனால் நடந்த எல்லாவற்றையும் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அறுவடை முடிந்த சமயத்தில் அத்தான் பெல்ட்டில் ஆணியால் ஒரு துளை போட்டார். பிறகு இன்னொன்று. அப்புறம் பெல்ட்டையே விட்டுவிட்டுக் கால்சட்டையைத் தோளில் வார் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டார். சாப்பாடு மட்டும் குறையவே இல்லை. சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகச் சாப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து, சிக்ரிட்."

"இப்பதானே ஊத்தினேன்?"

"அதை உருளைக்கிழங்கு குடிச்சிருச்சு."

அக்கா ஊற்றினாள். அவர் இளைக்க இளைக்க அவள் எல்லாவற்றிலும் கொழுப்பைக் கூட்டினாள். குழம்பில் பாலாடை ஏறியது. ரொட்டியில் வெண்ணெய், கடித்தால் பல் பதிகிற கனத்துக்கு வந்தது. ரொட்டியில் தடவும் ஈரல் விழுதுக்கு மேல் வறுத்த பன்றிக்கொழுப்பு, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். அவரும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, பாதியில் எழுந்து, "பன்றிங்களைப் பாத்துட்டு வரேன்" என்று கொட்டகைப் பக்கம் ஓடுவார். பன்றிகள் மீது அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நாங்கள் வியந்தோம். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கழிப்பறை இருந்தது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

ஊரில் முதலில் வாயைத் திறந்தவள் கெர்டா. எங்கள் ஊரின் ஒரே கடை அவளுடையது. ரொட்டி வாங்கப் போனால் ரொட்டியோடு செய்தியும் கட்டித் தருவாள்.

"அல்மா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதே. உன் அக்கா அந்த மனுஷனைப் பட்டினி போடறாளா?"

"அவரு நேத்து என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாரு, கெர்டா."

"உன் முன்னாடி சாப்பிட்டிருப்பாரு," என்றாள் அவள். நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

குளிர்கால விருந்தன்று விஷயம் மோசமாயிற்று. சபை மண்டபத்தில் அத்தான் தட்டை நிரப்பிச் சாப்பிட்டார், எழுந்து போய்த் திரும்ப நிரப்பினார், மறுபடியும் எழுந்தார். யாரும் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டில் சோறு காணாத மனிதர் சாப்பிடுவதைப் போலத்தான் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு. அதோடு, வியர்த்ததென்று அவர் சட்டைக் கையைச் சுருட்டியபோது முழங்கைக்கு மேலே பெரிய நீல ரத்தக்கட்டுகள். ஒன்று பழுத்து மஞ்சளாகியிருந்தது, இன்னொன்று புதுசு. கெர்டா தன் கணவர் வெர்னரின் விலாவில் இடித்ததை நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அத்தான் தன் டிராக்டரை என் பேருந்து நிறுத்தத்து நிழற்குடைக்குள் ஏற்றினார்.

நவம்பரில் எங்களுக்கு நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டு நான் கிளம்பிப்போய் வெகு நேரமாகியிருந்தது. நிழற்குடையின் ஒரு பக்கச் சுவர் சாய்ந்தது, கண்ணாடி நொறுங்கியது. சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது, அத்தான் இறங்கி நின்று, முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி அத்தான் தெரியாமப் போச்சு? இத்தனை வருஷமா இங்கதானே நிக்குது?"

"இருட்டா இருந்துது."

"இன்னும் முழுசா இருட்டவே இல்லையே."

"எனக்கு இருட்டிருச்சு," என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து சுவரை நிமிர்த்திக் கண்ணாடி போட்டுத் தந்தார். ஆனால் ஊருக்கு அதற்குள் கதை முழுமையாகிவிட்டது. பட்டினி போடுகிறாள், அடிக்கிறாள், அந்த மனுஷன் கவலையில் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

போதகர் யெப்பே எங்கள் ஊருக்குப் புதிது. முப்பது வயதுகூட இருக்காது. நல்ல மனசு, சீக்கிரம் சிவந்துவிடும் முகம். அவர் ஒரு மத்தியானம் சும்மா வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா காப்பி வைத்துவிட்டு, அடுக்குக் கேக்கை எடுக்க உள்ளே போனாள். நான் அடுப்பருகே பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தேன். யெப்பே நாற்காலியை அத்தானுக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"ஈகோன், கையில அந்தக் காயம்... எப்படி ஆச்சு?"

"அதுவா? அவ இடிச்சிட்டா."

போதகரின் கோப்பை பாதி வழியில் நின்றது. "அடிக்கடி நடக்குமா?"

"சாப்பாட்டு நேரத்துல குறுக்கே போய் நின்னா இடிப்பா. குணமே அப்படி. முன்னெல்லாம் இப்படி நீலம் கட்டாது. இப்பதான் லேசாப் பட்டாலும் கட்டிக்குது."

"எத்தனை வருஷமா?"

"வந்ததுலேந்தே அப்படித்தான். ஆனா மத்தபடி பாசக்காரி."

யெப்பே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க அவங்ககிட்ட எடுத்துச் சொல்லிப் பாத்தீங்களா?"

"சொல்றதாவது? காதுக்குப் பின்னாடி நல்லாச் சொறிஞ்சு விட்டா அடங்கிடுவா."

கேக்கோடு வாசலில் நின்றிருந்த அக்கா கேட்டாள், "யாரைப் பத்திப் பேசறீங்க?"

"சீமாட்டியைத்தான்," என்றார் அத்தான். சீமாட்டி என்பது எங்கள் பண்ணையிலேயே பெரிய பெண்பன்றி.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. கேக்கை மேசையில் மெதுவாக வைத்தாள். "நான் உங்களைத்தான் கேட்டேன், போதகரே. நீங்க யாரைப் பத்திக் கேட்டீங்க?"

யெப்பேயின் முகம் கழுத்து வரை சிவந்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஊரில் சிலர் கவலைப்படுவதாகவும், தாம் நம்பவில்லை என்றும், இருந்தாலும் கேட்பது தம் கடமை என்றும் இழுத்து இழுத்துச் சொன்னார். அக்கா கடைசி வார்த்தை வரை கேட்டாள். பிறகு அவருக்குப் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். அவர் அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வைத்திருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்திருக்கும்.

அவர் போன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா, அல்மா?"

"காதுல விழுந்துது."

"முப்பத்தோரு வருஷம் இவனுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன்," என்றாள். கண்ணீரை ஏப்ரனின் விளிம்பில் துடைத்துக்கொண்டு அத்தான் பக்கம் திரும்பினாள். "கோட்டை மாட்டு."

"எங்க?"

"டாக்டர்கிட்ட. உனக்கு ஒண்ணும் இல்லன்னு அவ சொன்னா, அப்புறம் நானே உன்னை நிஜமா அடிக்கப் போறேன்."

இருட்டில் அத்தானை ஓட்ட விடுவதில்லை என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதனால் நான்தான் ஓட்டினேன், டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போய் உட்கார்ந்தேன். டாக்டர் பிரிக்ஸ் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண். அத்தானை நிறுத்துப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள், ரத்தக்கட்டுகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"வெளிக்கி எப்படிப் போகுது?"

அத்தான் கூரையைப் பார்த்தார்.

"ஈகோன், பதில் சொல்லுங்க. கலர் வெளுத்திருக்கா? எண்ணெய் மாதிரி இருக்கா? மிதக்குதா?"

"இதெல்லாம் பொம்பளைங்க முன்னாடி கேக்கற கேள்வியா?"

"இந்த ரூம்ல இருக்கற எல்லாரும் கழிப்பறைக்குப் போறவங்கதான்."

கடைசியில் கூரையிடமே சொன்னார்: "வாத்து மாதிரி மிதக்குது. தண்ணி எவ்வளவு ஊத்தினாலும் போக மாட்டேங்குது."

"எவ்வளவு நாளா?" என்று கேட்டது டாக்டர் இல்லை, அக்கா.

"அறுவடைலேந்து."

"அதான் பன்றிங்களைப் பாத்துட்டு வரேன்னு ஓடினியா?"

"வீட்டுக் கழிப்பறை நாறிப் போயிடுமேன்னுதான்," என்றார் அவர், ஏதோ பெரிய தியாகம் செய்தவர் போல.

டாக்டர் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தனுப்பினாள். அதில் என்ன கொண்டுவர வேண்டும் என்று சொன்னதும் அத்தானின் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. ரத்தமும் எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படமும் பிடித்தார்கள். முடிவு வந்த அன்று மறுபடி மூவரும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

"ரெண்டு மூணு வருஷம் முன்னாடி பித்தப்பைக் கல்லு வந்து ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, கணையமெல்லாம் வீங்கி?" என்று தொடங்கினாள் டாக்டர்.

"அது சரியாப் போச்சே."

"நீங்க சரியானீங்க. கணையம் ஆகல. பாதிக்கு மேல தழும்பாயிருச்சு." அவள் ஒரு பேனாவை எடுத்து மேசையில் கிடத்தினாள். "வாயிலேந்து கடைசி வரைக்கும் ஒரே நீளக் குழாய்னு வச்சுக்குங்க. அந்தக் குழாய்க்குள்ள இருக்கற வரைக்கும், சாப்பாடு உங்க உடம்புக்கு வெளியதான் இருக்கு. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துல சேர்ந்தாத்தான் உள்ள வந்ததா அர்த்தம். கறித்துண்டு அப்படியே அந்தச் சுவரைத் தாண்டாது. வெட்டணும், திரும்பத் திரும்ப வெட்டணும், கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாகணும். அப்படி வெட்டற ஆளுங்கதான் நொதிங்க. மாவுச்சத்துக்கு ஒரு ஆளு, புரதத்துக்கு ஒரு ஆளு, கொழுப்புக்கு ஒரு ஆளு. எச்சில்ல கொஞ்சம் வேலை நடக்கும், இரைப்பைல கொஞ்சம். பெரிய வேலைக்கு ஆளனுப்பறது கணையம். உங்க கணையம் ஆளே அனுப்பறதில்ல. அதுலயும் கொழுப்பை வெட்டற ஆளு சுத்தமா இல்ல."

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப இவன் சாப்பிட்டதெல்லாம்?"

"வந்துது, போயிருச்சு."

"நான் கூடுதலாப் போட்ட வெண்ணெய்?"

"அதுவும் போயிருச்சு."

"அவசரமாவே போச்சு," என்றார் அத்தான்.

அக்காவின் மனதில் எத்தனை கிண்ணம் பாலாடை ஓடியது என்று எனக்குத் தெரியாது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள், "என் சமையல்ல குறை ஒண்ணும் இல்லையே?"

"உங்க சமையல் இவருக்குள்ள இன்னும் போகவே இல்லம்மா. குறை சொல்ல இவருக்கு வாய்ப்பே கெடைக்கல."

நான் ரத்தக்கட்டுகளைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் அதற்கும் விடை வைத்திருந்தாள். சில வைட்டமின்கள் கொழுப்போடு ஒட்டிக்கொண்டுதான் உடம்புக்குள் வரும். கொழுப்பு உள்ளே வராமல் போனால் அவையும் அதோடு போய்விடும். கே வைட்டமின் குறைந்தால் ரத்தம் உறையத் தாமதமாகும், சும்மா இடித்துக்கொண்டாலே நீலம் பாரிக்கும். ஏ வைட்டமின் குறைந்தால் மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாது.

"நிழற்குடை," என்றேன் நான்.

"நான்தான் சொன்னேனே, இருட்டா இருந்துதுன்னு," என்றார் அத்தான். தாம் சொன்னது நிஜம் என்று நிரூபணமானதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

டாக்டர் மாத்திரைகளை எழுதினாள். உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள் நிரம்பிய உறைகள். எழுதிக்கொண்டே கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணு சொல்லணும். இந்த நொதிங்களைப் பன்றியோட கணையத்துலேந்துதான் எடுக்கறாங்க. சிலருக்கு அது ஒத்துக்காது. உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது?"

அத்தான் அந்தக் கேள்வியை ரொம்ப நேரம் யோசித்தார். "என் பன்றியா இருக்குமா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது."

"என்னோடதா இருந்தா நல்லா வேலை செய்யும்."

வீடு வருகிற வழியெல்லாம் அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அத்தான் கொட்டகைக்குப் போய், தன் கையை இடித்த சீமாட்டியின் முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல. இவ்வளவு நாள் தீனி போட்டது வீண் போகலன்னு சொன்னேன்" என்றார்.

ஆனால் மாத்திரை வேலை செய்யவில்லை.

ஒரு வாரம் போனது, இன்னொன்றும் போனது. வைட்டமின் மாத்திரைகளும் சேர்த்து விழுங்கினார். கால்சட்டை தோளில் தொங்கியபடியே தொங்கியது, வாத்துகளும் மிதந்தபடியே மிதந்தன. அக்காவின் பாட்டு நின்றுபோனது. கெர்டாவின் கடைக்கு அவள் போவதில்லை. மாவோ சீனியோ, எல்லாவற்றையும் நான் வாங்கி வந்தேன்.

ஒரு காலையில் பேருந்தை எடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெறும் கறுப்புக் காப்பி ஒரு வாய், அதோடு அன்றைக்கு உள்ள உறைகள் அத்தனையையும் கைநிறையக் கொட்டி ஒரே விழுங்கு.

அக்கா தோசைக்கல் போன்ற கனமான வாணலியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "இப்ப என்ன பண்ணின?"

"மாத்திரை போட்டேன்."

"சாப்பாடு?"

"எட்டு மணிக்கு வந்து சாப்பிடுவேன். எப்பவும் அப்படித்தானே?"

"எல்லா நாளும் இப்படித்தான் போடறியா? காலைல, மொத்தமா, வெறும் வயித்துல?"

"ரத்த அழுத்த மாத்திரையை அப்படித்தானே போடறேன். மறக்காம இருக்கும்ல."

அக்கா வாணலியைக் கீழே வைத்தாள். "ஈகோன், நான் பாலை உறைய வைக்கறதைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"உறைமோரை எதுல விடுவேன்? பால்லயா, காலிப் பாத்திரத்துலயா?"

அவர் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. "ஓ," என்றார்.

அக்கா அப்போதே தொலைபேசியை எடுத்தாள். டாக்டர் பிரிக்ஸ் மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது. "ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடன்னு நான் ரெண்டு தடவை சொன்னேனே, சிக்ரிட். முதல் வாயோட பாதி, நடுவுல மீதி. சாப்பாடு பெருசுன்னா மாத்திரையும் கூடணும். ரொட்டி சாப்பிட்டாலும் உண்டு, காப்பியோட கேக் சாப்பிட்டாலும் உண்டு. அதுங்க சாப்பாட்டோட கலந்து போனாத்தான் வெட்ட முடியும். தனியாப் போனா வெட்ட அங்க என்ன இருக்கு?"

"நாங்க கேக்கலயே," என்றாள் அக்கா. கேட்கத்தான் இல்லை. தன் சமையலில் குறை இல்லை என்ற வார்த்தைக்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அத்தானோ பன்றியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானத்திலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ராணுவ ஆட்சி. அத்தானின் தட்டுக்குப் பக்கத்தில், அவித்த முட்டை வைக்கும் குட்டிக் கிண்ணத்தில் மாத்திரைகள் இருக்கும். முதல் வாய் உள்ளே போகும்போது அக்கா எண்ணுவாள். பாதித் தட்டு காலியானதும், "இப்ப" என்பாள். அவர் ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருந்தால் கதையை நிறுத்த வேண்டும். ஒருமுறை யெப்பே விருந்துக்கு வந்து சாப்பாட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜெபம் முடியும் முன்பே அத்தான் ஒரு உருளைக்கிழங்கை வாயில் போட்டுவிட்டார். அக்கா கண்ணைத் திறக்காமலே கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

கொஞ்ச நாளில் அத்தான் சாப்பாட்டின் நடுவே ஓடுவதை நிறுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையிலிருந்து வந்து, வாசலில் நின்று, சபையில் அறிவிப்பு சொல்கிறவர் மாதிரி சொன்னார்:

"மூழ்கிருச்சு."

அக்கா அவரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். நான் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல செய்திகளைக் கேட்டிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு செய்திக்கு ஒருத்தி கணவனைக் கட்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

ரத்தக்கட்டுகள் மறைந்தன. சாயங்காலம் டிராக்டர் ஓட்ட அனுமதி கிடைத்தது. வசந்தம் பிறந்தபோது கால்சட்டை மறுபடி இடுப்பில் தானாக நின்றது. பழைய அகலம் முழுவதும் வரவில்லை, வர வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டாள். ஆனால் வாசலில் நுழையும்போது தோள் மறுபடி முன்னால் வரத் தொடங்கியது, இடம் போதாததால் இல்லை, பழக்கத்தால்.

அவரிடம் இன்னொரு மாற்றமும் வந்தது. கூரையைப் பார்த்துப் பேசிய மனிதர் இப்போது யாரிடமும் எதையும் கூச்சமில்லாமல் சொன்னார். ஏன் இளைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கணையத்தில் தொடங்கி வாத்து வரைக்கும் சொன்னார். சபை மண்டபத்தில் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார். ஊர் மூன்றே நாளில் அக்காவை விடுதலை செய்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் ஈஸ்டர் விருந்துக்குச் சமைக்கச் சொல்லி நான்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் கெர்டாவின் கணவர் வெர்னர் கொட்டகைக்கு வந்தார். பன்றி விலையைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். சீமாட்டியின் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பாராட்டினார். கடைசியில் காலால் வைக்கோலைக் கிளறிக்கொண்டே கேட்டாராம்:

"உனக்கு மிதந்துதாமே, ஈகோன்?"

"மிதந்துது. உனக்கு?"

"மிதக்கல. ஆனா வயித்துக்குள்ள தவளைக் கச்சேரி நடக்குது. ஊதிப் போகுது. அப்புறம் ஓட வேண்டியிருக்கு. கடையில ஆளுங்க நிக்கும்போது சத்தம் கேட்டுடுமோன்னு ரேடியோவைப் பெருசா வைக்கறேன். யாருகிட்டயும் சொல்லாதே."

அத்தான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னார். அவர் கணக்கில் அக்கா 'யாரும்' இல்லை. நான் மேசையில் உட்கார்ந்திருந்ததால் நானும் இல்லை.

அவர் வெர்னரைக் கையோடு டாக்டர் பிரிக்ஸிடம் அனுப்பினார். வெர்னருக்குக் கணையத்தில் ஒன்றும் இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரையை வெட்டுகிற நொதி ஒன்று சிறுகுடலின் சுவரில் உண்டு. சிலருக்கு வயதாக வயதாக அது குறைந்துபோகும். வெட்டப்படாத பால் சர்க்கரை பெருங்குடல் வரை போய்விட்டால், அங்கே இருக்கும் கிருமிகள் அதை விருந்தாக்கிக் காற்றைக் கிளப்பும். அதுதான் தவளைக் கச்சேரி. கெர்டா, கணவனின் எலும்புக்கு நல்லதென்று, காலையும் மாலையும் பெரிய தம்ளர் நிறையப் பால் ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். வயிறு சரியில்லை என்று அவர் முனகிய நாட்களில் இன்னும் ஒரு தம்ளர் கூடுதலாக.

இதைக் கேட்டதும் அக்கா எழுந்து, நல்ல சட்டையை மாட்டிக்கொண்டாள். தலை வாரிக்கொண்டாள். மாதக்கணக்கில் கால் வைக்காத கடைக்குக் கிளம்பினாள்.

"என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"அவ என்ன சொன்னாளோ அதையே. கடையில கூட்டம் இருக்கும்போது."

எனக்கும் கூடப் போக ஆசைதான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வந்ததும் நேரே அவள் சமையலறைக்குப் போனேன். அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சொன்னியா?"

"இல்ல."

"கூட்டம் இல்லையா?"

"நிறையவே இருந்துது." மாவைத் திருப்பிப் போட்டாள். "அவ மூஞ்சியைப் பாத்தேன், அல்மா. நாம ஆசை ஆசையா ஊத்திக் கொடுத்ததே அவனுக்கு ஆகலன்னு தெரிஞ்ச மூஞ்சி. அந்த மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் அதை ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்ணாடியில பாத்தேன்."

"அப்ப என்னதான் பேசினே?"

"நல்லா முத்தின பாலாடைக்கட்டி அவருக்கு ஒண்ணும் பண்ணாது, அதுல பால் சர்க்கரை அநேகமா போயிருக்கும்னு சொன்னேன். குழம்பைப் பால் இல்லாம எப்படிக் கெட்டியாக்கறதுன்னு சொன்னேன். சோளமாவு வாங்கிட்டு வந்துட்டேன்."

எனக்குச் சப்பென்றாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, இப்படி ஒரு வாய்ப்பை விடுவதா? அக்காவுக்குப் பெரிய மனசு. எனக்கு அந்த அளவுக்குக் கிடையாது. மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தைக் கடை வாசலில் நிறுத்தினேன். உள்ளே கெர்டா மட்டும்தான் இருந்தாள். ரொட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்:

"கெர்டா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதே. வெர்னர் மெலிஞ்ச மாதிரி இருக்காரே. வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

கெர்டா ரொட்டியைத் தாளில் சுற்றினாள். நிதானமாக, மடிப்பு மடிப்பாகச் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பு.

"அப்பாடா, கேட்டுட்டே," என்றாள். "நேத்து உன் அக்கா கேக்காமப் போனதுல எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல."